ஸ்நைஃபெல்ஸ்நெஸ்: சுற்றிப் போவதா, குறுக்கே போவதா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். அக்டோபர் இரண்டாம் வாரம், ஐஸ்லாந்தின் ஸ்நைஃபெல்ஸ்நெஸ் எரிமலைத் தீபகற்பத்தைக் காரில் சுற்ற இரண்டே நாள்தான் இருக்கிறது. வாடகைக்கு எடுப்பது சாதாரண ஐ20. கூடவே முழங்கால் வலியோடு அம்மா.

ரெய்க்யவிக்கிலிருந்து 54ஆம் எண் சாலை, பிறகு 574இல் பனிமலையைச் சுற்றி, இரவு கிர்க்யுஃபெல் மலை அருகே தங்கல். வரைபடத்தில் மூன்று முறை அளந்துவிட்டேன். மாலை 7 மணிவாக்கில் இருட்டிவிடுவதால் கணக்கு உதைக்கிறது. வழியிலுள்ள ஆர்னார்ஸ்டாபிக் கடலோரப் பாறைகளை விடவும் மனமில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பைக் ஓட்டிப் பழகியவன்தான். ஆனால் அங்கே காற்று கார்க் கதவையே மடக்கிவிடுமாம்; அதற்குப் பெரும்பாலும் காப்பீடும் கிடையாதாம். வாடகை நிறுவனத்திடம் இருமுறை கேட்டதற்கு விலைப்பட்டியல்தான் வந்தது.

போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: முதல் நாளே 574இல் தீபகற்பத்தின் முனையைச் சுற்றிவிடலாமா, அல்லது ஃப்ரோடார்ஹெய்டி மலைச்சாலையில் குறுக்கே போய், முனையை மறுநாளுக்கு வைத்துக்கொள்வதா?