ஒட்டின கால் கட்டைவிரலும் அதுக்கப்புறமும்

எல்லாரும் "விரல் ஒட்டிக்கிச்சா?"ன்னுதான் கேக்கறாங்க. ஒட்டினதுக்கப்புறம் என்னன்னு யாரும் எழுதறதில்ல, அதான் நான் எழுதறேன்.

என் அக்கா பையன் அப்ப ஒண்ணாவது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக்குத் தண்ணி கட்டறப்ப, மடை வெட்டின மண்வெட்டி அவன் இடது கால்ல இறங்கிடுச்சு. கட்டைவிரல் துண்டாயிடுச்சு, அடுத்த விரல் நசுங்கிடுச்சு. ஒருத்தர் பால்ல போடச் சொன்னார் (அது விழுந்த பல்லுக்குங்க). பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காதான் சலைன்ல நனைச்ச காஸ் துணியில சுத்தி, கவர்ல போட்டு இறுக்கி முடிஞ்சு, அந்தக் கவரை ஐஸ் தண்ணியில வெச்சாங்க. ஐஸ் நேரா பட்டா சதை உறைஞ்சு கெட்டுடுமாம். அப்படியே புதுச்சேரிக்கு ஓடினோம்.

நடக்கும்போது கடைசியா தரையை உந்தறது கட்டைவிரல்தான்கறதால அதை மட்டும் சேர்த்தாங்க. நசுங்கினது தேறலை. அந்த வயசுல ரத்தக்குழாய் 1 மி.மீ.கூட இருக்காது, மைக்ரோஸ்கோப் வெச்சுத் தையல், எலும்புக்குக் கம்பி. மறுநாளே விரல் நீலம் பாய்ஞ்சுது. ரத்தம் உள்ள போகுது, திரும்ப வழியில்லை. நகத்தை எடுத்துட்டு அங்கேயே கசிய விட்டாங்க. குளிர்ல குழாய் சுருங்கும்னு ரூம்ல ஏ.சி. போடலை. பீடி நாத்தத்தோட வந்த எங்க அப்பாவை வாசல்லயே நிறுத்திட்டாங்க, நிகோட்டினும் குழாயைச் சுருக்குமாம். மண்வெட்டி பிடிச்சிருந்தவரும் அவர்தான், பாவம்.

இப்ப பையன் எட்டாவது. தொட்டா தெரியுது. நரம்பு நாளைக்குச் சுமார் 1 மி.மீ. வளரும்னு சொன்னாங்க, பெரியவங்களைவிடப் பிள்ளைங்களுக்கு உணர்ச்சி நல்லாவே திரும்புது. ஆனா எலும்பு நீளமா வளர்ற இடமான வளர்ச்சித் தட்டு அடிபட்டதால விரல் குட்டையாவே நின்னுடுச்சு. மேல் மூட்டு மடங்காது. நகம் ஆமை ஓடு மாதிரி. பக்கத்து விரல் இல்லாததால கட்டைவிரல் அந்தப் பக்கமே சாயுது, அதுக்குத்தான் இன்னும் எக்ஸ்ரே எடுத்துப் பாக்கறோம். மார்கழியில வெளுத்துப் போய்க் குத்தும், சாக்ஸோடதான் தூங்கறான். கபடி ஆடறான், பாய்ஞ்சு கிளம்பறது மட்டும் வலது கால்ல.

செருப்புதான் தீராத பிரச்சினை. விரல்ல வளையம் வெச்ச செருப்பு நிக்கவே நிக்காது. ஷூவுக்குள்ள வைக்கிற சிலிகான் துண்டு ஓடறப்ப நழுவுது. கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் அளவெடுத்து ஷூ தைக்கறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.