கபடி மன்றத்துக்குப் பணம் அனுப்பும் முன் ஒரு வார்த்தை

எல்லாருக்கும் வணக்கம்.

ஊர்க் கபடி மன்றத்தின் ஆடுகளத்துக்கு விளக்குக் கம்பம் வேண்டும் என்று தம்பிகள் வெளிநாட்டில் இருக்கும் நம்மிடம் கேட்டதும், ஆளாளுக்குத் தொகை எழுத ஆரம்பித்துவிட்டீர்கள். நானும் தருகிறேன். ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மன்றத்தின் வரவு செலவு நோட்டைப் பார்க்கக் கேட்டேன். பொருளாளர் ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். முதல் பக்கங்களில் சுண்ணாம்பு மூட்டை, மைக் செட் வாடகை, நடுவர் சாப்பாடு என்று வரிவரியாக இருக்கிறது. போன வருடம் நாம் அனுப்பிய பணம் மட்டும் ‘மேட் மற்றும் இதர செலவு’ என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. ரசீது இல்லை. மேட் (ஆடுகளத்தில் விரிக்கும் மெத்தை விரிப்பு) இருக்கிறது, நல்ல மேட்தான். ஆனால் தலைவர் வீட்டு நெல் குடோனில் சுருட்டி வைத்திருக்கிறார்கள். அவர் வீட்டில் ஆள் இல்லாத நாளில் பையன்கள் மண்ணில்தான் ஆடுகிறார்கள். யாரும் திருடினார்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதி வைக்கிற பழக்கம் விட்டுப்போச்சு, கேட்க ஆளும் இல்லை.

நம் மன்றம் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது. அதன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்தைத் தாண்டக்கூடாது. வருடா வருடம் பொதுக்குழு கூட வேண்டும், கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கடைசியாக எப்போது கூடினீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள். கிரிக்கெட் வாரியத்திலேயே இடைவெளி விடாமல் பதவியில் இருக்கக்கூடாது என்று, வாரியத்தைச் சீர்திருத்த அமைத்த லோதா குழு சொன்னதை 2016-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. (தலைவர் அண்ணனும் இதைப் படிப்பார். அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

அதைவிடப் பெரிய சிக்கல் நம் பக்கம் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர்கள் கொடுத்தால் ஆகும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும்தான். அதை வாங்க மன்றத்துக்கு எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்குப் போனால் மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கவும் வேண்டும். நம் மன்றத்துக்கு அது எட்டாது. மச்சான் கணக்கில் போட்டு மன்றத்துக்குக் கொடுக்கச் சொல்லலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். நாளைக்கு நோட்டீஸ் வந்தால் அலையப்போவது ஊரில் இருக்கிற பையன்கள்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பொதுக்குழு கூடட்டும். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி மாற்றட்டும். அதில் ஒருவர் இப்போது ஆடுகிற பையனாக இருந்தால் நல்லது. மேட் பள்ளிக்கூட அறைக்குப் போகட்டும், தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், சாவி தருகிறார். அப்புறம் கம்பத்துக்கு மூன்று இடத்தில் விலை கேட்டு அந்தச் சீட்டுகளைப் படமெடுத்து இங்கே போடட்டும். அவை வந்த அன்றைக்கே என் பங்கை அனுப்புகிறேன்.