பலாப்பழக் கையும் 412 சுகரும்: கிளினிக் வேலையில் இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

பண்ருட்டி ரோடு

வைகாசி மாதம், காலை நேரக் கூட்டம். வழக்கமாக சுகர் பார்க்க வருகிற பெரியம்மா. ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்தேன், குத்தினேன், ஸ்டிரிப்பில் வைத்தேன். 412. அவருக்கு எப்போதும் 160, 170 தான் வரும். டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். பெரியம்மாவோ தெம்பாக உட்கார்ந்து பக்கத்து ஆளிடம் மகள் வீட்டுக் கதை பேசிக்கொண்டிருக்கிறார். தாகம் இல்லை, தலைசுற்றல் இல்லை.

ஸ்டிரிப்பைக் கழற்றும்போதுதான் என் கையுறையில் வாசம் அடித்தது. பலாப்பழ வாசம்.

"பெரியம்மா, காலையில பழம் அறுத்தீங்களா?"

"பஸ் ஏறுற வரைக்கும் சுளைதாம்மா எடுத்தேன். ஒண்ணுகூட வாயில வைக்கல. பிசினெல்லாம் எண்ணெ போட்டுத் தேச்சுட்டேனே!"

சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் பார்த்தேன். 164.

அவர் தப்பித்துவிட்டார், சரி. அதற்கு முந்தைய வருஷங்களிலும் இதே சித்திரை, வைகாசியில் இதே ஊர்க் கைகளைத்தானே குத்தினேன்? அப்போது எழுதிக் கொடுத்த எண்களை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

தேவனாம்பட்டினம்

சிஸ்டர், ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தியிருப்பீர்கள். காயவிட்டால் ஸ்பிரிட்டே போதும். இத்தனை வருஷமாக நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

என் கதை வேறு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துவிட்டுப் போனதே, அதற்கு அடுத்த வாரம் முகாமில் டிடி ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். ஓடும் தகரமும் கிழித்த கால்கள், வரிசை தெருமுனை வரை. ஒருவர் வந்தார். வலை இழுத்து இழுத்துக் கல்லாகிப்போன தோள். "நின்னுக்கிட்டே போடு தம்பி, நேரமாவுது" என்றார். போட்டேன். "அவ்ளோதானா?" என்று சிரித்தார். நான் அடுத்த சீட்டை எழுதத் திரும்பினேன். பின்னால் மரம் சாய்ந்த மாதிரி ஒரு சத்தம்.

பெஞ்சு முனையில் மண்டை. புயலில் ஒரு கீறல் இல்லாமல் தப்பிய மனிதர் அவர். அப்புறம் காலில் ஆணி குத்தியதற்குத்தான் வந்திருந்தார், என்னால் தலையில் நாலு தையல். அதற்கப்புறம் எவ்வளவு பெரிய ஆளானாலும் உட்கார வைத்துத்தான் போடுகிறேன். போட்ட பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்க விடுவதில்லை.

வில்லியனூர் சீனியர்

மாடிப்படி ஏறி வந்தவருக்கு உடனே பிரஷர் பார்த்து 180 என்று எழுதினேன். உட்கார வைத்துப் பார்த்தால் 138. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இதைப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நோயாளி 5 நிமிடமாவது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கால்மேல் கால் கூடாது. கையைத் தொங்கவிட்டால் கூடுதலாகக் காட்டும், மேஜைமேல் நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். ஒன்றுக்கு வந்தால் முதலில் போய்விட்டு வரச் சொல்லுங்கள். டீ, பீடி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சட்டைக்கு மேல் கட்டாதீர்கள். பட்டைக்குள் இருக்கும் ரப்பர் பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்ற வேண்டும். குண்டான கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷர் வரும். முதலில் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டே காற்றடியுங்கள். நாடி மறைந்த பிறகு இன்னும் 30 ஏற்றி, நொடிக்கு 2 என்ற கணக்கில் இறக்குங்கள். நம் ஆட்கள் பஸ் டயரில் காற்றைப் பிடுங்குவதுபோல் புஸ்ஸென்று விடுகிறார்கள்! முதல் தடவை வருகிறவருக்கு இரண்டு கையிலும் பார்க்க வேண்டும். முக்கியமாக, பார்க்கும்போது பேசாதீர்கள், அவரையும் பேசவிடாதீர்கள். இதையெல்லாம் எங்கள் காலத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

லாஸ்பேட்டை

சார், யாரும் கேட்காத பாடம் இது. அதிலும் "இரண்டு கையிலும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டீர்கள். உங்கள் மாதிரி ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்யப் போய்த்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். ஒரு ஐயா, பேசச் சக்தியில்லாமல் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். வலது கையில் பார்த்தாயிற்று. இடது கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்க ஆரம்பித்தேன். வெளியே மருந்து வாங்கப் போயிருந்த அவர் மனைவி வாசலிலிருந்தே கத்தினார்: "அந்தக் கையில வேணாம்! அந்தக் கையில வேணாம்!" பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பட்டையை அவரே பிய்த்து எடுத்தார்.

அப்புறம் என் விரலைப் பிடித்து ஐயாவின் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தார். தோலுக்கடியில் வண்டு ரீங்காரமிடுவதுபோல் அதிர்ந்தது. டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த ஃபிஸ்டுலா. அதில் பிரஷர் பட்டை, ஊசி எதுவும் கூடாது. ரத்தம் கட்டி அடைத்துக்கொண்டால் டயாலிசிஸுக்கு வழி போய்விடும். "இந்தச் சத்தம் இருக்கான்னு தினமும் காலையில நான்தாம்மா தொட்டுப் பார்ப்பேன்" என்றார். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ.

முதுநகர் லேப்

சின்னதாக ஒன்று. நரம்பு கிடைக்காத அம்மா, மூன்று குத்துக்கு அப்புறம் கொஞ்சம் ரத்தம் வந்தது. ஊதா மூடி டியூப் நிறைந்துவிட்டது, சிவப்பு மூடியில் போதவில்லை. இன்னொரு குத்து எதற்கு என்று பாவம் பார்த்து இதிலிருந்து அதில் கொஞ்சம் ஊற்றினேன். பொட்டாசியம் எகிறிவிட்டது, கால்சியம் காணாமலே போயிற்று. ஊதா டியூபுக்குள் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் ஈடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு, கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். டாக்டர் போன் மேல் போன். அடித்துப் பிடித்துத் தேடினால் அந்த அம்மா எதிர்க் கடையில் வடை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நாலாவது குத்து குத்தத்தான் வேண்டியிருந்தது.

பண்ருட்டி ரோடு

தேவனாம்பட்டினம் அண்ணா, நீங்கள் சொன்னதை நேற்று என் கையிலேயே செய்து பார்த்தேன். எனக்கு சுகர் கிடையாது. நாலு சுளை உரித்து, எண்ணெய் தேய்த்துத் துடைத்து, ஸ்பிரிட் போட்டு, நன்றாகக் காயவிட்டுக் குத்தினேன். 231. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு 96. ஸ்டிரிப் இரண்டுக்கும் காசு என்னுடையது.

தண்ணீர் வராத நாளில் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை வைக்கிறேன். மற்றபடி வாசலிலேயே ஒரு பக்கெட்டும் சோப்பும் வைத்தாயிற்று. "சுகர் பார்க்கப் போனா பந்திக்குக் கூப்பிடுற மாதிரி கை கழுவச் சொல்றா" என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள்.