முட்டுக்காட்டு முட்புதர்: ஆதொண்டையா, தொரட்டியா?

கேள்வி:
முட்டுக்காட்டில் உப்பங்கழியை ஒட்டிய மணல்மேட்டில், பனைகளுக்கு நடுவே ஆளுயரத்துக்கு மேல் படர்ந்து நிற்கும் ஒரு முட்புதரை அடையாளம் காண உதவி வேண்டும். ஒவ்வோர் இலைக்காம்பின் அடியிலும் இரண்டிரண்டாகக் கொக்கி முட்கள் இருக்கின்றன. ஒரே கிளையில் வெள்ளைப் பூவும் செந்நிறம் ஏறிய பூவும் சேர்ந்தே காணப்படுகின்றன. மகரந்தத் தாள்கள் இதழ்களைத் தாண்டி நீண்டிருக்கின்றன. காய் இன்னும் பிடிக்கவில்லை. வற்றல் போடும் ஆதண்டங்காய் இதுதானா, அல்லது தொரட்டியா?

மறுமொழி 1:
தொரட்டி என்பதை உடனே விலக்கிவிடலாம். அதன் பூக்கள் மிகச் சிறியவை, கிளை நுனியில் குடைபோலக் கொத்தாகப் பூப்பவை. பழமும் சுண்டைக்காய் அளவில் கறுப்பாக இருக்கும். நீங்கள் சொல்வது ஆதண்டங்காய் காய்க்கும் ஆதொண்டையாக, அதாவது காப்பாரிஸ் சைலானிக்காவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேலிதழ்கள் இரண்டின் அடியில் மஞ்சள் திட்டு இருந்து, பூ வாட வாட அது சிவக்கிறதா என்று பாருங்கள்.

மறுமொழி 2:
அந்தத் திட்டை மட்டும் நம்ப வேண்டாம் ஐயா. இதே கடற்கரைப் புதர்க்காடுகளில் வளரும், ஆதொண்டைக்கு உறவான காப்பாரிஸ் பிரெவிஸ்பைனாவுக்கும் அப்படியொரு திட்டு உண்டு. ஆனால் அதன் பூக்கள் பெரும்பாலும் தனித்தனியாக நிற்கும், முள்ளும் இவ்வளவு வளைந்திராது. ஆதொண்டையிலோ இலைக்கக்கத்துக்கு (இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலைக்கு) மேலே, தண்டின்மீது ஒன்றன்மேல் ஒன்றாக வரிசையாய் மொட்டுகள் எழும்பும். இளங்கிளையில் துரு நிறத்தில் மெல்லிய பூம்பஞ்சும் படிந்திருக்கும்.

கேட்டவர்:
மொட்டுகள் வரிசையாகத்தான் இருக்கின்றன. தளிரில் துரு நிறப் பூம்பஞ்சும் இருக்கிறது.

மறுமொழி 1:
அப்படியானால் ஐயமில்லை, ஆதொண்டையேதான். இனிப் பூவின் நடுவே காம்பு நீண்டு, அதன் நுனியில் சூலகம் தொங்கத் தொடங்கும். அதுவே உருண்டைக் காயாகி, பழுக்கும்போது சிவக்கும். ஆரஞ்சு நுனிச் சிறகுள்ள வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் சிலவற்றின் புழுக்கள் இவ்வினத்துச் செடிகளின் இலையைத் தின்று வளர்வதால், ஓட்டை விழுந்த இலைகளைக் கண்டு மருந்து தெளித்துவிடாதீர்கள். வற்றலுக்கு வேண்டுமானால் பச்சையாக, விதை முற்றுமுன்பே பறித்து, நசுக்கி, உப்பிட்ட மோரில் ஊறவைத்துக் காயவையுங்கள். நன்றாகக் காய்ந்த பின்னும் சிறு கசப்பு நிற்கும், அதை விரும்பித்தானே துவாதசியன்று வறுக்கிறார்கள்.