ஏரிக்கரை மூன்றாவது தெரு: வாட்ஸ்அப் குழு

ஞாயிறு, ஜனவரி 4

வசந்தி டீச்சர்: எல்லோருக்கும் வணக்கம். ஆவணப்படம், வலைப்பதிவு வேலைக்காக அஸ்வின், யாழினி, ஆயிஷா மூவரோடும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய் வந்தாயிற்று. ஆறரை மணிக்கு அதன் நடுவே போகும் ரேடியல் ரோடு முழுக்கப் பனிமூட்டம், எட்டு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. மூன்று பேரையும் வீட்டு வாசலில் விட்டுவிட்டேன். ஒரு படம்கூட எடுக்க விடவில்லை என்று மூவருக்கும் என் மேல் கோபம்.

லட்சுமி (அஸ்வின் அம்மா): ஆமாம் டீச்சர், வந்ததிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறான். ஆவணப்படம் எடுக்கப் போகிறேன் என்று ராத்திரி முழுக்க போனைச் சார்ஜில் போட்டு வைத்திருந்தான். நீங்கள் வாங்கிப் பையில் போட்டுவிட்டீர்களாமே?

வசந்தி டீச்சர்: போடத்தான் செய்தேன் லட்சுமி. முதல் நாள் கண்ணும் நோட்டும் போதும். போன் கையில் இருந்தால் பூநாரை நிற்கும் பக்கம் மட்டும்தான் திரும்புவார்கள். சும்மா நின்றதில் யாழினி என்ன எழுதியிருக்கிறாள் என்று பாருங்கள். யாழினி, அந்த நாமக்கோழிப் பத்தியைப் போடு கண்ணு.

யாழினி: போடுகிறேன் டீச்சர். "நாமக்கோழி நின்ற இடத்திலிருந்து பறப்பதில்லை. தண்ணீர் மேலேயே ஓடி ஓடித்தான் எழும்புகிறது. ஒவ்வொரு மிதிக்கும் சட், சட் என்று சத்தம். அது அடங்கியதும் குப்பை லாரி பின்னால் வரும் பீப் சத்தம் கேட்டது. இரண்டும் ஒரே தூரத்திலிருந்து வருவது போல இருந்தது."

சேகர் அண்ணா: அம்மாடி! படத்தின் முதல் காட்சி கிடைத்துவிட்டது. திரையை இருட்டாகவே வைத்து இந்த இரண்டு சத்தத்தை மட்டும் விடலாம். இருபது வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன், எனக்கு இது தோன்றியிருக்காது.

மும்தாஜ் (ஆயிஷா அம்மா): டீச்சர், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆயிஷாவுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. இது எவ்வளவு நேரம் பிடிக்கும்?

வசந்தி டீச்சர்: கேட்க வேண்டியதுதானே மும்தாஜ். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், புதன் சாயங்காலம் அரை மணி, அவ்வளவுதான். பிப்ரவரி 1, ஞாயிறு மாலை மொட்டை மாடியில் படம் போட்டுவிட்டால் அவள் வேலை முடிந்தது. மறுநாள் 2ஆம் தேதி உலக ஈரநில நாள். 1971இல் அதே தேதியில்தான் ஈரானில் ராம்சார் ஊரில் ஈரநிலங்களைக் காக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆயிஷா கேமரா பக்கமே வர வேண்டாம். மற்ற இருவரும் எழுதுவதைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. அந்தக் கண் அவளுக்கு இருக்கிறது.

மும்தாஜ்: சரி டீச்சர். புதன் அரை மணி தாண்டினால் நானே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

புதன், ஜனவரி 7

அஸ்வின்: முதல் வலைப்பதிவு போட்டாயிற்று. எல்லோரும் படியுங்கள். மொத்தம் 250 சொல்தான்.

செல்வம் மாமா: படித்தேன் தம்பி, அருமை. பூநாரை சைபீரியாவிலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வருகிறது என்பது எனக்குப் புதுச் செய்தி.

ஆயிஷா: மாமா, அது தப்பு. நான் பார்ப்பதற்கு முன்னாலேயே அஸ்வின் அண்ணா போட்டுவிட்டார். இந்தியாவில் பூநாரைகள் கூட்டமாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பெரிய இடம் குஜராத்தில் கட்ச் ரண்.

அஸ்வின்: வலசை வரும் பறவை எல்லாமே சைபீரியா என்று நினைத்துவிட்டேன். வரியை எடுத்துவிடுகிறேன்.

வசந்தி டீச்சர்: சத்தமில்லாமல் எடுக்காதே அஸ்வின். செல்வம் மாமா ஏற்கெனவே படித்துவிட்டார், நாளைக்கு இன்னொருவரிடம் சொல்லவும் செய்வார். பதிவின் அடியில் "திருத்தம்" என்று தேதி போட்டு, என்ன எழுதியிருந்தோம், சரியானது எது என்று இரண்டு வரி எழுது. அதைப் பார்க்கிறவர்களுக்கு நீ எழுதும் மற்ற வரிகள் மேல் நம்பிக்கை கூடும்.

அப்புறம், பெற்றோருக்கு ஒரு விஷயம். பிள்ளைகள் நோட்டில் மூன்று பத்தி பிரித்திருக்கிறோம்: பார்த்தது, கேட்டது, சரிபார்த்தது. மூன்றாவது பத்திக்கு வராத எதுவும் வலைப்பதிவுக்குப் போகாது. சைபீரியா "கேட்டது" பத்தியிலிருந்து நேராகத் தாவிவிட்டது. பதிவில் முதல் பெயர் மட்டும்தான் இருக்கும், பள்ளி பெயரோ தெருப் பெயரோ வராது. கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. வெளியார் கருத்துகளை நான் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

ஆயிஷா: டீச்சர், பரப்பளவுதான் குழப்பமாக இருக்கிறது. ஒரு இடத்தில் 317 ஹெக்டேர், இன்னொரு இடத்தில் 1,247, வேறொன்றில் 5,000க்கும் மேல். எதைப் போடுவது?

வசந்தி டீச்சர்: எது எந்த ஆண்டு, எந்த எல்லை என்று பார்த்தாயா?

ஆயிஷா: ஐந்து நிமிடம்.

ஆயிஷா: புரிந்துவிட்டது! 5,000க்கும் மேல் என்பது 1960களில் சதுப்பு நிலம் பரந்து கிடந்த அளவு. 317 என்பது 2007இல் காப்புக் காடாக அறிவித்த பகுதி மட்டும். 1,247.54 என்பது 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது வரைந்த எல்லை. மூன்றுமே சரி, மூன்றும் வேறு வேறு.

வசந்தி டீச்சர்: இதை இப்படியே ஒரு பதிவாக எழுதிவிடு ஆயிஷா. எத்தனையோ பெரியவர்கள் இந்த எண்களைக் கலந்து பேசுகிறார்கள்.

மும்தாஜ்: டீச்சர், முப்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது.

வசந்தி டீச்சர்: அனுப்பிவிட்டேன் மும்தாஜ், படியிறங்கிக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிறு, ஜனவரி 11

அஸ்வின்: இன்றைக்கு எல்லாம் போச்சு. ரேடியல் ரோட்டில் நாற்பது நிமிடம் எடுத்தோம். போட்டுப் பார்த்தால் முழுக்கக் காற்றுச் சத்தம்தான்.

சேகர் அண்ணா: கவலைப்படாதே தம்பி. படம் நன்றாக இருந்தால் வைத்துக்கொள், ஒலியைத் தனியாக எடுத்துவிடலாம். அடுத்த முறை இரண்டாவது போனை ஒலிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏரோபிளேன் மோடில் போட்டு, மைக் ஓட்டை இருக்கும் பக்கத்தில் மெல்லிய பருத்தித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றி, பேசுகிறவர் மார்பு உயரத்தில் பிடியுங்கள். காற்று அடிக்கும் பக்கம் நம் முதுகு இருக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும் முன் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் எடுங்கள். எடிட்டிங்கில் ஒட்டுப்போட அதுதான் கைகொடுக்கும். இன்னொன்று, போனை ஆட்டாதே. ஒரு காட்சியை வைத்தால் மனதுக்குள் பத்து எண்ணு. தூரத்திலிருந்து ஒன்று, கிட்டேயிருந்து ஒன்று, கைகளை மட்டும் ஒன்று.

யாழினி: சாலையோரம் பாட்டில் பிரித்துக்கொண்டிருந்த அக்காவை தூரத்திலிருந்து எடுத்தேன். டீச்சர் அழிக்கச் சொல்லிவிட்டார்.

செல்வம் மாமா: ஏன் டீச்சர்? சதுப்பு நிலத்து ஓரத்துப் பெருங்குடி குப்பைக் கிடங்கைப் பற்றிச் சொல்லும்போது அதுதானே மனதைத் தொடும்?

வசந்தி டீச்சர்: அவரிடம் கேட்கவில்லையே. தெரியாமல் எடுத்த முகத்தைத் தெருவே கூடிப் பார்ப்பது சரியில்லை. யாழினியைத் திரும்ப அனுப்பினேன். போய் வணக்கம் சொல்லி, என்ன செய்கிறோம் என்று விளக்கிவிட்டுக் கேட்டாள். முகம் வேண்டாம், கையை எடுத்துக்கொள் என்றார். 2022 ஏப்ரலில் கிடங்கு நாள் கணக்கில் எரிந்தபோது முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு வேலை பார்த்ததை அவராகவே சொன்னார். எடுத்ததைப் போட்டும் காட்டினாள். கையில் இருந்த தழும்பு தெரிகிறதா என்று கேட்டு, தெரிந்தால் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார்.

முத்து (கடைசி வீடு): அக்கா, சாயங்காலம் பிள்ளைகள் எங்கள் ஆயாவிடம் பேச வந்ததையும் சொல்லுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அதே பேச்சுதான்.

வசந்தி டீச்சர்: அதைத்தான் சொல்ல வந்தேன் முத்து. முதலில் சொதப்பிவிட்டோம். ஆயாவை நாற்காலியில் உட்கார வைத்து, "சதுப்பு நிலத்தின் முக்கியத்துவம் என்ன?" என்று அஸ்வின் கேட்டான். ஆயா, "எனக்கு என்ன தெரியும் சாமி, நான் படிக்கவில்லையே" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டது. பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. யாழினி காலையில் நடைபாதை ஓரத்தில் கிடந்த கோரைத் தண்டு ஒன்றை நோட்டுக்குள் வைத்திருந்தாள். அதை ஆயா கையில் கொடுத்தாள். அவ்வளவுதான்.

ஆயா அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டப் பார்த்தது. உருளவில்லை. "பார், உருளாது. கோரை மூணு பட்டை. உருண்டால் அது சம்புப் புல், பாய்க்கு ஆகாது" என்றது. நகத்தால் நுனியைக் கீறி நீளவாக்கில் கிழித்தது. உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருந்தது. அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "கழுவெளியில் முட்டி வரைக்கும் தண்ணி நிற்கும், பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு அறுப்போம்" என்று ஆரம்பித்தது. இருபத்திரண்டு நிமிடம் நிறுத்தவில்லை. சதுப்பு நிலம் என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, கழுவெளி, கழுவெளி என்றுதான் சொன்னது.

யாழினி: படத்துக்குப் பெயர் "கழுவெளி" என்று வைத்துவிட்டோம்.

முத்து: ஆயாவுக்கு அந்தத் தண்டைத் திருப்பிக் கொடுக்க மனசில்லை. தலையணைக்கடியில் வைத்திருக்கிறது.

வெள்ளி, ஜனவரி 16

செல்வம் மாமா: எல்லோருக்கும் மாட்டுப் பொங்கல் வாழ்த்துகள். பிள்ளைகள் எங்கே, ஆளையே காணோம்?

அஸ்வின்: பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இருக்கிறோம் மாமா. ஒரே இடத்தில் கால் மணி நேரம் நின்று எண்ணி, பட்டியலை இபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இன்று நீலத்தாழைக்கோழி, நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாம் பார்த்தோம். உண்ணிக்கொக்கை எண்ணி முடிப்பதற்குள் மறுபடி பறந்துவிடுகிறது.

திங்கள், ஜனவரி 19

ஆயிஷா: அடுத்த பதிவு. வெளியிடும் முன் இங்கே போடச் சொன்னார் டீச்சர்.

"எங்கள் வீட்டு கேட்டில் வெள்ளம் நின்ற இரண்டு கோடுகள் இருக்கின்றன. மேல் கோடு 2015 டிசம்பர். கீழ்க் கோடு 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வாப்பா பெயிண்ட் அடிக்கும்போது இரண்டு கோட்டையும் விட்டுவிட்டுத்தான் அடிப்பார். அளவு நாடா வைத்துப் பார்த்தோம்: 41 அங்குலம், 26 அங்குலம். தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழை ஏரி ஏரியாக நிரம்பிப் பள்ளிக்கரணைக்கு வருகிறது. அங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளத்தில் கடலைச் சேர வேண்டும். தங்க இடம் குறைந்துவிட்டதால் எங்கள் கேட்டில் வந்து நின்றது. நாங்கள் தண்ணீர் இருந்த இடத்தில்தான் குடியிருக்கிறோம்."

கண்ணன் சார்: ஆயிஷா நன்றாக எழுதுகிறாய் அம்மா. ஆனால் கடைசி வரி தேவையா? ஏற்கெனவே சதுப்பு நிலத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கட்டட அனுமதி விஷயம் பசுமைத் தீர்ப்பாயம்வரை போயிருக்கிறது. இந்தத் தெருவில் பலர் ஓய்வூதியப் பணம் முழுவதையும் வீட்டில் போட்டவர்கள். நாமே எழுதி வைத்தால் நாளைக்கு விற்கவும் முடியாது, வங்கியில் கடனும் கிடைக்காது. பறவை, குப்பை, இதைப் பற்றிப் படம் எடுக்கட்டும் டீச்சர்.

ஆயிஷா: அங்கிள், நம் தெருப் பெயரிலேயே ஏரிக்கரை இருக்கிறது.

மும்தாஜ்: ஆயிஷா, பெரியவர்களிடம் இப்படியா பேசுவது?

கண்ணன் சார்: பரவாயில்லை மும்தாஜ். குழந்தை உண்மையைத்தான் சொல்கிறாள்.

வசந்தி டீச்சர்: கண்ணன் சார், உங்கள் பயம் எனக்கும் உண்டு. என் வீடும் இதே தெருவில்தான், கடன் இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளிடம் லாரிக்காரரைக் காட்டு, குப்பையைக் காட்டு, நம் வீட்டை மட்டும் காட்டாதே என்று என்னால் சொல்ல முடியவில்லை. பாட்டில் பிரிக்கும் பெண்ணிடம் தழும்பைக் காட்டலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். தெருப் பெயர், கதவு எண் எதுவும் வராது, அது முன்பே பேசியதுதான். கோடும் அளவு நாடாவும் இருக்கட்டும். ஏரிக்கரை பெயரை நீங்கள் யாரும் வைக்கவில்லை, மனை போட்டு விற்றபோது வாங்கினீர்கள். அதையும் எழுதச் சொல்கிறேன், அதுவும் உண்மைதானே.

லட்சுமி: எனக்கும் இதுதான் சரி என்று படுகிறது. 2015இல் அஸ்வினை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏறினேன். அது எழுத்தில் இருக்கட்டும்.

செல்வம் மாமா: கண்ணன் சார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கதவு எண் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் சேகர்.

சேகர் அண்ணா: கேட்டில் எண் பலகை வராமல் இடுப்புக்குக் கீழேதான் எடுத்திருக்கிறோம் மாமா.

புதன், ஜனவரி 21

கண்ணன் சார்: [படம்]

கண்ணன் சார்: டீச்சர், பீரோவில் தேடினேன். 1994இல் நாங்கள் குடிவந்த வருடம் மொட்டை மாடியில் எடுத்தது. என் மனைவிக்குப் பின்னால் தெரிவதெல்லாம் சம்பு. அந்தப் பக்கம் ஒரு வீடு கிடையாது. ராத்திரி தவளைச் சத்தத்தில் தூக்கம் வராது, அவள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். பிள்ளைகளுக்குப் பயன்பட்டால் எடுத்துக்கொள்ளட்டும். அவள் முகம் வரலாம், அவளுக்குப் பிடித்திருக்கும்.

யாழினி: நன்றி தாத்தா. ஞாயிற்றுக்கிழமை உங்கள் மொட்டை மாடியில் அதே இடத்தில் நின்று ஒன்று எடுக்கலாமா?

கண்ணன் சார்: வாங்க. காபி குடித்துவிட்டுப் போகலாம்.

சனி, ஜனவரி 31

சேகர் அண்ணா: எடிட்டிங் முடிந்தது. பதினொரு நிமிடம் நாற்பது நொடி. பேட்டியில் பேசியதை எல்லாம் துண்டுச்சீட்டில் எழுதி, டீச்சர் வீட்டுக் கூடத்தில் பரப்பி, மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து வரிசைப்படுத்தினார்கள். அதனால் கணினியில் எனக்கு வேலை குறைவு. பின்னணி இசை வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். அஸ்வின் வேண்டாம் என்றான், ஆயா பேசும்போது விசிறிச் சத்தம் போதுமாம். போட்டுப் பார்த்தேன், அவன் சொன்னதுதான் சரி.

வசந்தி டீச்சர்: நாளை மாலை ஆறரை, கண்ணன் சார் மொட்டை மாடி. திரைக்கு என் வீட்டு வெள்ளைப் போர்வை, புரொஜெக்டர் சேகருடையது. கொசுவர்த்தி நான்கு கொண்டு வருகிறேன். வீட்டுக்கு இரண்டு நாற்காலி எடுத்து வாருங்கள். பாட்டில் பிரிக்கும் அக்காவையும் யாழினி கூப்பிட்டிருக்கிறாள், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மும்தாஜ்: நாளைக்கு நேரக் கணக்குப் பார்க்க மாட்டேன் டீச்சர். சுண்டல் நான் செய்கிறேன்.

முத்து: ஆயா நாற்காலியில் உட்கார மாட்டேன் என்கிறது. கோரைப் பாய்தான் வேண்டுமாம். எங்கள் வீட்டில் எல்லாம் பிளாஸ்டிக் பாய். யார் வீட்டிலாவது இருக்கிறதா?

கண்ணன் சார்: பரணில் ஒன்று இருக்க வேண்டும். அஸ்வின், ஏணி பிடிக்க வருகிறாயா?

அஸ்வின்: வருகிறேன் தாத்தா.