ஏற்காட்டு ஈரக்காற்றில் பெடாட்-பிஎஸ்எஸ் படலத்தின் கடத்துத்திறனை உயர்த்துவது எப்படி?

கேள்வி: சேலம் முதுகலை மாணவி

வணக்கம். சேலத்தில் ஒரு கல்லூரியில் முதுகலை இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் காற்றின் ஈரப்பதத்தை அளப்பதற்கு, மின்தேக்கி வகையைச் சேர்ந்த மலிவான உணரி ஒன்றைச் செய்வது என் திட்டப்பணி. அதன் மின்முனைகளை உலோகத்துக்கு மாற்றாகப் பெடாட்-பிஎஸ்எஸ் என்னும் கடத்தும் பாலிமரால், பெட் பிளாஸ்டிக் தாளின்மேல் அமைக்க விரும்புகிறேன்.

இந்தப் பாலிமரின் பிஎச் 1000 என்னும் நீர்க்கலவை ரகத்தில் கனஅளவில் 5% டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பானைக் கலந்து, வடிகட்டி, முதற்கட்டமாகக் கண்ணாடி ஸ்லைடின்மேல் ஸ்பின் கோட்டிங் (சுழற்றிப் பரப்புதல்) செய்து, ஹாட் பிளேட்டில் 120 டிகிரி செல்சியஸில் உலர்த்துகிறேன். நான்முனை ஆய்வியில் தகட்டு மின்தடை சதுரத்துக்கு ஏறத்தாழ 250 ஓம் வருகிறது. தடிமனை 100 நானோமீட்டர் என்று கொண்டால் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 400 சீமென்ஸ். ஆய்விதழ்களிலோ 1,000-ஐத் தாண்டிய அளவுகளையும், அடர் கந்தக அமிலத்தில் நனைத்து 4,000-ஐத் தாண்டியவற்றையும் காண்கிறேன். அந்த அளவை எட்ட நான் என்ன செய்ய வேண்டும்? இன்னொன்றும் உண்டு. ஏற்காட்டில் பனிமூட்டமுள்ள காலையில் இதே படலத்தை வெளியே வைத்து அளந்தால் மின்தடை கூடுகிறது. கீழே கொண்டுவந்து சூடாக்கினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு மீள்கிறது. இதற்கு என்ன காரணம்?

மறுமொழி 1: அளவீட்டு ஆய்வகம்

கடத்துத்திறன் என்பது தகட்டு மின்தடையையும் தடிமனையும் பெருக்கி வரும் எண்ணின் தலைகீழ். ஆகவே தடிமனை ஊகித்தால் விடையும் ஊகமே. உங்கள் படலம் உண்மையில் 60 நானோமீட்டர் என்றால், அதே 250 ஓமுக்குக் கடத்துத்திறன் 667 சீமென்ஸ் ஆகிவிடும். படலத்தைப் பிளேடால் கீறி, அந்தப் படிக்கட்டின் உயரத்தை புரொஃபைலோமீட்டரிலோ அணுவிசை நுண்ணோக்கியிலோ அளந்துவிடுங்கள். நான்முனை ஆய்வியில் அளந்த மின்னழுத்த-மின்னோட்ட விகிதத்தைத் தகட்டு மின்தடையாக மாற்றும் 4.532 என்ற பெருக்கெண், ஊசி இடைவெளியைவிடப் படலம் மிகப் பெரிதாக இருந்தால்தான் பொருந்தும். சதுரப் படலத்தின் பக்கம் ஊசி இடைவெளியைப் போல் ஐந்து மடங்கே என்றால், உண்மையான பெருக்கெண் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். திருத்தாமல் விட்டால் உங்கள் படலத்தை உள்ளதைவிட மோசமானதாகக் காட்டுவீர்கள்.

மறுமொழி 2: படல வேதியியல்

தங்கை, டிஎம்எஸ்ஓ என்ன செய்கிறது என்பது தெளிவானால் மற்றவை தாமே விளங்கும். 1977-இல் ஹீகர், மெக்டயார்மிட், ஷிராகவா ஆகியோர் பாலிஅசெட்டிலீனுக்கு அயோடின் ஊட்டி அதன் கடத்துத்திறனை ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு உயர்த்தினார்கள். 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அங்கே அயோடின் புதிய மின்னூட்டங்களைத் தோற்றுவித்தது. இங்கே நடப்பது வேறு. பெடாட் சங்கிலியில் மின்னூட்டங்கள் முன்பே இருக்கின்றன. அவற்றைச் சமன்செய்து, பெடாட்டை நீரில் மிதக்க வைப்பது பிஎஸ்எஸ். ஆனால் பிஎஸ்எஸ் ஒரு மின்காப்பான். பிஎச் 1000-இல் ஒரு பங்கு பெடாட்டுக்கு எடையில் 2.5 பங்கு பிஎஸ்எஸ் இருப்பதால், கடத்தும் துகள்கள் காப்புறைக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. எதுவும் சேர்க்காத படலம் சென்டிமீட்டருக்கு 1 சீமென்ஸைக்கூட எட்டாததற்கு இதுவே காரணம்.

டிஎம்எஸ்ஓவின் கொதிநிலை 189 டிகிரி. நீர் போன பிறகும் அது தங்கி, பெடாட்டுக்கும் பிஎஸ்எஸ்ஸுக்கும் இடையிலான மின்னீர்ப்பைத் தளர்த்துகிறது. அதனால் பெடாட் சங்கிலிகள் நீண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. மின்னூட்டங்களின் எண்ணிக்கை அதிகம் மாறுவதில்லை. அவை நகரும் பாதைதான் சீராகிறது. எத்திலீன் கிளைக்காலின் வேலையும் இதே. ஆகவே 5%-ஐ 10% ஆக்குவதால் இரு மடங்கு பலன் கிடைக்காது. அடுத்த படி, மிகையான பிஎஸ்எஸ்ஸைப் படலத்திலிருந்தே வெளியேற்றுவது. 2012-இல் வெளியான ஆய்வொன்றில், மெத்தனால் கொண்டு கழுவியே 1,300 சீமென்ஸைத் தாண்டினார்கள். அடர் கந்தக அமிலம் இதையே இன்னும் கடுமையாகச் செய்து, படிகத்தன்மையையும் கூட்டுகிறது. படலமும் மெலிந்துவிடும் என்பதால் அமிலத்துக்குப் பிறகு தடிமனை மீண்டும் அளக்காமல் கடத்துத்திறனைச் சொல்லக் கூடாது. உங்களுக்கு அமிலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெட் தாள் அதைத் தாங்காது. கல்லூரி ஆய்வகத்தில் அடர் அமிலத் தொட்டியும் தேவையற்ற ஆபத்து.

ஏற்காட்டில் நீங்கள் கண்டதற்கும் காரணம் பிஎஸ்எஸ்தான். அது காற்றின் ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும். படலம் உப்பி, பெடாட் துகள்களுக்கு இடையிலான இடைவெளி விரிவதால் மின்தடை கூடுகிறது. சூடாக்கினால் நீர் வெளியேறி மீள்கிறது.

மறுமொழி 3: ஏற்காடு கருவிப் பணி

கருவியை மலையில் வைக்கப்போகும் கோணத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு 1,000 சீமென்ஸ் தேவைதானா? விரல் போன்ற மின்முனை ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் அகலமும் என்றால் அது 10 சதுரம். 250 ஓமில் 2,500 ஓம். உணரியின் மின்தேக்கம் 100 பிக்கோஃபாரட் என்றால், 10 கிலோஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு சுமார் 1,60,000 ஓம். மின்முனையின் தடை அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதே உணரியை 1 மெகாஹெர்ட்ஸில் படித்தால் மின்மறுப்பு 1,600 ஓமாகக் குறைந்து, மின்முனையின் தடையே மேலோங்கிவிடும். குறைந்த அதிர்வெண்ணில் படியுங்கள். பனியால் தடை சற்று ஏறி இறங்கினாலும் அளவீடு பாதிக்கப்படாது.

எனக்குக் கவலை பனித்துளி. பிணைக்கப்படாத பெடாட்-பிஎஸ்எஸ் மேல் நீர் நேரடியாக நின்றால் படலம் உரிந்தே போகும். ஜிஓபிஎஸ் என்னும் சிலேனைக் கனஅளவில் 1% சேர்த்தால் சங்கிலிகள் குறுக்கே பிணைந்து, படலம் அடித்தளத்தையும் பற்றிக்கொள்ளும். கடத்துத்திறன் ஓரளவு குறையும். இந்தப் பயன்பாட்டுக்கு அதை ஏற்கலாம்.

சேலம் முதுகலை மாணவி

மிக்க நன்றி ஐயா. அனைவருக்கும் நன்றி. ஜிஓபிஎஸ் சேர்த்த படலத்தை மெத்தனாலிலும் கழுவலாமா? பெட் தாள் தாங்குமா?

மறுமொழி 2: படல வேதியியல்

அறை வெப்பநிலையில் பத்து நிமிடம் மெத்தனாலில் அமிழ்த்துவதைப் பெட் தாங்கும். மெத்தனால் நஞ்சு என்பதால் ஃபியூம் ஹூடுக்குள் மட்டும் செய்யுங்கள். ஆனால் ஜிஓபிஎஸ் பிஎஸ்எஸ்ஸையே பிணைப்பதால், பிறகு மெத்தனால் அதைக் குறைவாகத்தான் கழுவும். எனவே ஜிஓபிஎஸ் மட்டும் கொண்டது, மெத்தனாலில் மட்டும் கழுவியது, இரண்டும் செய்தது என்று படலங்களைத் தனித்தனியே எடுத்து, ஒரே நாளில், டெசிகேட்டரில் உலர்த்திய பின் ஒருமுறையும், ஈரக்காற்றில் வைத்த பின் ஒருமுறையும் தகட்டு மின்தடையை அளந்து ஒப்பிடுங்கள். சாதாரணப் பெட் தாள் 120 டிகிரியில் நெளியக்கூடும். 100 டிகிரிக்கு மேல் போகாமல் கூடுதல் நேரம் உலர்த்துங்கள். சேலத்துக் கோடையில் பிஎச் 1000 புட்டியை மேசைமேல் விட்டுவைக்காமல் குளிர்பெட்டியில் வையுங்கள். உறைய மட்டும் விடாதீர்கள்.