புதுப்பிப்பு: பழைய ஸ்டேஷன் வேகனின் டேஷ்போர்டு விளக்குகள்

முகப்பு விளக்குச் சுவிட்சைப் போட்டால் டேஷ்போர்டு விளக்குகள் சில நாள் எரிந்து, சில நாள் ஃபியூஸோடு போய்விடுகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட்டைப் பலரும் சந்தேகித்தீர்கள். நானும் அதையே நம்பி, கழற்றித் துடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன்.

குற்றவாளி வண்டியின் மறுகோடியில் இருந்தது. இந்த வண்டியில் டேஷ்போர்டு விளக்குகளுக்கும் பின்விளக்குகளுக்கும் ஒரே ஃபியூஸ்தான். பின்கதவின் கீல் அருகே, ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் மடங்கி நிமிரும் வயர்க்கட்டில், நம்பர் பிளேட் விளக்குக்குச் செல்லும் வயரின் உறை வெடித்து, செம்பு இழைகள் பச்சை பூத்து, கதவு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிற்கும்போது மட்டும் பாடியைத் தொட்டு ஷார்ட் ஆகிக்கொண்டிருந்தன. அந்தப் பகுதியை வெட்டியெறிந்து, வளைந்துகொடுக்கும் மெல்லிழை வயரைப் பற்றவைத்து, ரப்பர் குழாயையும் புதிதாகப் போட்டேன். அதன்பின் ஃபியூஸ் போகவில்லை.

விளக்கைப் போட்டதும் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே ஏறியது தனிக் கோளாறு. இரண்டு சென்சார்களும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அரிது என்பதால் எர்த்தை, அதாவது மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் இணைப்பைச் சோதித்தேன்: விளக்குகள் எரியும்போது மீட்டர் பெட்டியின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 1.8 வோல்ட் காட்டியது. எர்த் இணைப்பின் துருப்பிடித்த திருகைச் சுரண்டி, தனியாக ஓர் எர்த் வயர் இழுத்தபின் அது 0.05 ஆனது, விளக்கைப் போட்டாலும் முட்கள் ஏறவில்லை.

பேட்டரி சார்ஜ் ஆகாவிட்டால் எரியும் சார்ஜ் விளக்கு மட்டும் இன்னும் மங்கலாக மினுக்குகிறது. ஆல்டர்னேட்டரின் (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) டயோடுகளை அடுத்துப் பார்க்க வேண்டும்.